பனிப்பாளம் வகுத்த வழி: சைமா ஏரிநாட்டின் சரளைச் சாலைகளும் மிதிவண்டித் தடங்களும்

பின்லாந்தின் தென்கிழக்கில் சைமா என்னும் பேரேரியைச் சுற்றிப் பரந்து கிடக்கும் காடும் நீரும் கலந்த நிலப்பரப்பில், கடந்த சில ஆண்டுகளாகச் சரளைச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் வழக்கம் வேரூன்றி வருகிறது. இத்தடங்களைப் பற்றிய பயணக் குறிப்புகள் பெரும்பாலும் காட்சியழகையும் தூரத்தையும் மட்டுமே பேசுகின்றன. அந்தச் சாலை அங்கே ஏன் இருக்கிறது, அது ஏன் அந்தத் திசையில் ஓடுகிறது, யார் அதைப் போட்டார்கள், யார் இன்றும் அதைச் செப்பனிடுகிறார்கள் என்ற கேள்விகளை அவை எழுப்புவதில்லை. இக்கேள்விகளை எடுத்துக்கொள்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். ஏரிநாட்டின் எந்த மிதிவண்டித் தடமும் மிதிவண்டிக்காரருக்காக உருவானதன்று; பனிப்பாளம் விட்டுச்சென்ற மேடுகளும், மரம் வெட்டுவோர் போட்ட பாதைகளும், ஊரார் கூடிச் செலவிட்டுக் காக்கும் வழிகளும் ஏற்கெனவே அங்கிருக்க, தடம் வகுப்பவர் அவற்றைக் கோத்துத் தருகிறார் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

வண்டியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லலாம். சரளை மிதிவண்டி என்று அறியப்படுவது, பந்தய மிதிவண்டியின் வளைந்த கைப்பிடியையும் விரைவையும் வைத்துக்கொண்டு, மலை மிதிவண்டியைப் போல அகலமான டயரையும் டிஸ்க் பிரேக்கையும் ஏற்றுக்கொண்ட ஓர் இடைப்பட்ட வகை. டயரின் அகலம் பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும்; காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதன் வடிவத்துக்குச் சற்று வளைந்து கொடுக்கிறது. இவ்வகை வண்டிக்கும் அதற்கான போட்டிகளுக்கும் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களே பிறப்பிடம். கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூரப் போட்டி அதன் புகழுக்கு வழிவகுத்தது. 2022ஆம் ஆண்டு இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் உலக மிதிவண்டிச் சங்கம் முதல் சரளை உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியபோது, பொழுதுபோக்காக இருந்தது முறையான விளையாட்டாயிற்று. ஆயினும் போட்டியின் வரலாறு இங்கே முதன்மையானதன்று. கான்சஸில் சரளைச் சாலைகள் நில அளவையாளர் போட்ட சதுரக் கட்டங்களின்படி நேர்கோடாக ஓடுகின்றன. சைமாவிலோ நேர்கோடு என்பதே அரிது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினால் விடை நிலத்தின் வரலாற்றில் கிடைக்கிறது.

பின்லாந்தில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலைகளை எண்ணினால் ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உள்ளன. நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. இவ்வேரிகளுள் மிகப் பெரியதான சைமாவின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 14,000 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஏரி என்று ஒருமையில் சொன்னாலும், உண்மையில் அது குறுகிய நீரிணைகளால் இணைந்த பல படுகைகளின் தொகுதி. எங்கே ஒரு படுகை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைக் கரையில் நிற்பவரால் கண்டுகொள்ள முடியாது. இப்படிச் சிக்கலான கரை அமைந்ததற்குக் காரணம், கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த, கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளம். இந்தப் பகுதியில் அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகர்ந்தது. நகர்கையில் அடியிலிருந்த பழம்பாறையின் விரிசல்களைச் சுரண்டி ஆழமாக்கிற்று. கெட்டியான பாறைகளை வழவழப்பாக்கி விட்டுச்சென்றது. உருகும்போது தன்னுள் சுமந்த மண்ணையும் கல்லையும் அதே திசையில் நீளநீளமான மேடுகளாக இட்டது. ஆதலால் இந்நாட்டின் ஏரிகளும் குன்றுகளும் தீபகற்பங்களும் பெரும்பாலும் வடமேற்கு–தென்கிழக்குத் திசையில் நீண்டு கிடக்கின்றன.

மரப்பலகைக்கு இழையோட்டம் இருப்பதுபோல நிலத்துக்கும் ஓர் ஓட்டம் உண்டு என்பதை இங்கே மிதிப்பவரின் கால்கள் விரைவில் உணர்ந்துகொள்ளும். ஓட்டத்தின் திசையிலேயே செல்லும் சாலை ஒரு மேட்டின் முதுகையோ அதன் அடிவாரத்தையோ பற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் தூரம் பெரிய ஏற்றமின்றி ஓடும். ஓட்டத்துக்குக் குறுக்கே செல்ல முயலும் சாலையோ ஒவ்வொரு மேட்டிலும் ஏறி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, இறுதியில் ஏதாவதொரு நீர்க்கரையில் வந்து நின்றுவிடும். ஏற்றங்கள் தனித்தனியே பார்த்தால் சிறியவை. முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டுபவை குறைவு. ஆனால் அவை ஓயாமல் வருகின்றன. வரைபடத்தில் மலையே இல்லை என்று எண்ணி இங்கே வருபவர், நாள் முடிவில் ஏறிய உயரத்தைக் கூட்டிப் பார்த்து வியப்பதற்கு இதுவே காரணம். குறுக்குத் திசையில் நீண்ட தூரம் செல்லும் தடத்துக்குப் பாலமோ படகோ இன்றியமையாதது என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்காகவும் பனிப்பாளம் ஒரு பெருங்கோட்டைக் கிழித்துவிட்டுச் சென்றிருக்கிறது. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த ஒரு கடுங்குளிர்க் காலத்தில், பின்வாங்கிக் கொண்டிருந்த பனிப்பாளத்தின் விளிம்பு தென் பின்லாந்தில் தங்கி நின்றது. நின்ற விளிம்பிலிருந்து உருகிய நீர் கொண்டுவந்த மணலும் சரளையும் அங்கேயே குவிந்து, சால்பௌசெல்கா எனப்படும் நெடுமேடுகளாயின. இவற்றுள் முதலாவது, தென்மேற்கு மூலையிலுள்ள ஹாங்கோவிலிருந்து லஹ்தி, லப்பேன்ரந்தா, இமாத்ரா வழியாக வடகிழக்கே வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்கிறது; இரண்டாவது அதற்கு இணையாகச் சற்று வடக்கே ஓடுகிறது. சைமாவின் நீரைத் தெற்கே வழியவிடாமல் தடுத்து நிற்கும் அணை இம்மேடுகளே. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் ஏரிநீர் இமாத்ராவுக்கு அருகில் இவ்வணையை உடைத்துக்கொண்டு பாய, வுவோக்சி ஆறு பிறந்தது. ஏரியின் மட்டமும் தாழ்ந்தது. மிக்கேலி நகருக்குத் தெற்கே அஸ்துவன்சல்மி என்னுமிடத்தில் செங்குத்தான கரைப்பாறையில் செங்காவியால் தீட்டப்பட்ட கடமான், மனித உருவங்கள் இன்று நீர்மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே இருப்பது, அவற்றைத் தீட்டியவர்கள் உயர்ந்திருந்த அக்கால நீரில் படகிலோ பனிமேலோ நின்று தீட்டினார்கள் என்பதைக் காட்டுகிறது. பாறை ஓவியங்களின் காலத்தைக் கணிக்க ஏரிமட்டத்தின் வரலாறே பயன்பட்டது. இதே ஏரியில் வாழும் சைமா வளையக் கடல்நாய்களும் இவ்வரலாற்றின் மிச்சம்தான்: பனியின் பாரம் நீங்கி நிலம் மேலெழுந்தபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு நன்னீரில் சிக்கிய இக்கடல் விலங்கினம் இன்று ஏறத்தாழ 500 என்ற அளவிலேயே எஞ்சியிருக்கிறது. லஹ்தியைச் சூழ்ந்த சால்பௌசெல்கா பகுதி 2022ஆம் ஆண்டும், சைமாப் பகுதி அதற்கு முந்தைய ஆண்டும் யுனெஸ்கோவின் உலகப் புவிப் பூங்காக்களாக ஏற்கப்பட்டன.

சரளைச் சாலையின் கதைக்கு இம்மேடுகளைவிட நெருக்கமானது எஸ்கர் என்று புவியியலார் அழைக்கும் மற்றொரு வகை மேடு. பனிப்பாளத்தின் அடியில் உருகுநீர் சுரங்கம் குடைந்து ஆறாக ஓடியது. அச்சுரங்கத்தின் தரையில் உருண்டுவந்த மணலும் கூழாங்கல்லும் படிந்தன. பனி முழுதும் உருகிய பின், சுரங்கத்தின் சுவர்கள் மறைந்து, படிந்த சரளை மட்டும் பாம்புபோல் நெளியும் ஒடுங்கிய முகடாக நின்றுவிட்டது. ஆற்றின் படுகை மேடாக நிற்கும் இந்த விந்தை, மனிதர்க்கு இருவகையில் பயன்பட்டது. முகடு எப்போதும் காய்ந்திருக்கும், நீர் தேங்காது. சதுப்பும் ஏரியும் சூழ்ந்த நாட்டில் நடக்கத் தக்க உலர்ந்த தரை அதுவே என்பதால் பழைய நடைவழிகளும் வண்டிப்பாதைகளும் எஸ்கர்களின் மேலேயே அமைந்தன. சாலை போடத் தேவையான சரளையும் அதே மேட்டுக்குள்ளேயே கிடைத்தது. சாலைக்கு வழியும் சாலைக்குப் பொருளும் ஒரே இடத்தில் அமைந்த நாடுகள் உலகில் மிகப் பல இல்லை. பிற்காலத்தில் இதனால் இழப்பும் நேர்ந்தது. எஸ்கர்கள் மழைநீரை உறிஞ்சித் தூய நிலத்தடி நீராகச் சேர்த்துவைக்கும் இடங்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் அவற்றைத் தோண்டத் தோண்ட நீர்வளமும் நிலக்காட்சியும் கெட்டன. 1981ஆம் ஆண்டின் சட்டம் மண்ணெடுப்பை அனுமதிக்கு உட்படுத்தியது. இன்று சாலைக்கான பொருளில் பெரும்பங்கு உடைத்த பாறையே. உருண்ட கூழாங்கல்லுக்குப் பதில் கூர்விளிம்புள்ள உடைகல் வந்ததால் சாலை உறுதியாயிற்று. மெல்லிய டயருக்கோ அது அவ்வளவு நட்பானதன்று.

எஸ்கர்ச் சாலைகளுள் புகழ்பெற்றது சவோன்லின்னா நகருக்குத் தென்கிழக்கேயுள்ள புங்காஹார்யு. இருபுறமும் ஏரிநீர் தழுவ, பைன் மரங்கள் அடர்ந்த முகடு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. சில இடங்களில் அதன் அகலம் சாலைக்கும் இரு ஓரங்களுக்கும் மட்டுமே போதுமானது. பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழிருந்த 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இம்முகடு அரசால் காக்கப்பட்டது. 1845ஆம் ஆண்டு அங்கே எழுந்த விடுதி இன்றும் செயல்படுகிறது. பெரிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகில் தனியே செல்வதால், முகட்டின் மேலுள்ள பழைய சாலை மிதிவண்டிக்கு ஏற்ற அமைதியைப் பெற்றிருக்கிறது. அதன் அருகிலேயே லுஸ்தோ என்னும் பின்லாந்துக் காட்டு அருங்காட்சியகமும் தனி ரயில் நிறுத்தமும் இருப்பதால், வண்டியுடன் ரயிலில் வந்திறங்கித் தொடங்குவோர் பலர். ஆயினும் புங்காஹார்யுவை மட்டும் பார்த்து ஏரிநாட்டை அறிந்ததாகக் கொள்வது சரியாகாது. அது வழக்கத்துக்கு மாறாகப் பேணப்பட்ட ஒரு சோலை. ஏரிநாட்டின் பெரும்பகுதி வெட்டி விற்பதற்காக வளர்க்கப்படும் காடு. மிதிவண்டித் தடத்தின் பெரும்பகுதியும் அந்தக் காட்டின் ஊடேதான் செல்கிறது.

அந்தக் காட்டுச் சாலைகள் வயதில் இளையவை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெட்டிய மரம் குளிர்காலத்தில் பனியின்மேல் சறுக்குவண்டியில் குதிரையால் நீர்க்கரைக்கு இழுக்கப்பட்டு, வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்றிலும் ஏரியிலும் மிதக்கவிடப்பட்டு ஆலையை அடைந்தது. நீரே சாலையாக இருந்த அக்காலத்தில் காட்டுக்குள் சரளை போடுவதற்குத் தேவை எழவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாரியும் பின்னர் மரம் வெட்டும் இயந்திரமும் வந்தன. அரசு 1960களில் கடனும் மானியமும் தந்து காட்டின் விளைச்சலைப் பெருக்கும் திட்டங்களை நடத்தியபோது, சதுப்பு வடிகால்களும் காட்டுச் சாலைகளும் ஒருசேரப் பெருகின. ஆறுகளில் மரத்தைத் தனித்தனியே மிதக்கவிடும் முறை 1991ஆம் ஆண்டு வடக்கேயுள்ள கெமி ஆற்றில் முடிவுக்கு வந்தது. சைமாவில் கட்டுக்கட்டாகப் பிணைத்த மரங்களை இழுவைப்படகு இழுத்துச் செல்லும் முறைக்கு மட்டும் வாழ்வு மிஞ்சிற்று. இன்று பின்லாந்தில் அரசு நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 78,000 கிலோமீட்டர். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரளை. தனியார் சாலைகளோ ஏறத்தாழ 3,50,000 கிலோமீட்டர். அவற்றுள் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை காட்டுச் சாலைகள். தனியார் சாலைகள் ஏறக்குறைய யாவும் சரளையே.

காட்டுச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்பதை மனத்திற் கொண்டால் அதன் இயல்புகள் அனைத்தும் விளங்கும். அறுபது டன்னுக்கும் மேல் எடையுள்ள மரலாரி ஏறவேண்டும் என்பதால் சரிவு கடுமையாக இராது, வளைவு அகன்றிருக்கும், இருபுறமும் வடிகால் வெட்டப்பட்டிருக்கும். மிதிவண்டிக்கு இவையெல்லாம் நன்மை. ஆனால் அச்சாலையின் வேலை ஊரோடு ஊரை இணைப்பதன்று, மரம் நிற்கும் இடம்வரை லாரியைக் கொண்டுசேர்ப்பது மட்டுமே. எனவே தலைமைச் சாலையிலிருந்து கிளையும் கிளையிலிருந்து சிறுகிளையும் பிரிந்து, ஒவ்வொரு சிறுகிளையும் காட்டின் நடுவே லாரி திரும்புவதற்கான ஒரு வட்டத்தில் முடிந்துவிடும். அடுத்த நிலக்காரரின் சிறுகிளை சில நூறு மீட்டருக்கு அப்பால் அவருடைய வட்டத்தில் முடிந்திருக்கும். இரண்டுக்கும் இடையே சதுப்போ அவுரிநெல்லிப் புதரோ பாறையோ கிடக்கும். தடம் வகுப்பவரின் கலை முழுவதும் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. எந்த இரு முட்டுச்சந்துகளுக்கு இடையே ஒரு பழைய நடைவழி எஞ்சியிருக்கிறது, எங்கே குளிர்காலத்தில் மரமிழுத்த தடம் கோடையிலும் தாங்கும், எங்கே வண்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் இருபது கிலோமீட்டர்ச் சுற்று மிச்சமாகும் என்பதை அறிந்தவர் வகுத்த தடத்துக்கும், கணினி நிரல் தானாகக் கோத்துத் தந்த தடத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பின்லாந்தின் நில அளவைத் துறை 2012ஆம் ஆண்டு தன் நிலப்பட விவரங்களைக் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்துவிட்டது. சதுப்பும் பாறையும் ஒற்றையடிப்பாதையும் தனித்தனிக் குறிகளோடு காட்டப்படும் அப்படங்களே இன்றைய தடங்களுக்கு மூலப்பொருள். எனினும் படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் வழி தரையில் முழங்காலளவு புல்லாக இருப்பதும் உண்டு.

சாலையின் உடம்பைப் பற்றியும் சற்று நின்று பேசவேண்டும். நல்ல சரளைச் சாலை என்பது கல்லைக் கொட்டிப் பரப்பியது அன்று. அடியில் நீரை வடியவிடும் பருங்கல் அடுக்கு, அதன்மேல் சுமையைத் தாங்கும் அடுக்கு, மேலே ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மிகாத உடைகல்லும் மணலும் நுண்பொடியும் உரிய அளவில் கலந்த தேய்மான அடுக்கு என்று அது அமைகிறது. நுண்பொடி குறைந்தால் கற்கள் ஒட்டாமல் உருளும். மிகுந்தால் மழையில் சேறாகும், வெயிலில் தூசியாகும். நடுப்பகுதி சற்று உயர்ந்து இருபுறமும் சரிந்திருந்தால்தான் மழைநீர் நிற்காது ஓடும். கோடைத் தொடக்கத்தில் சாலையைச் சீவிச் சமப்படுத்தும் இயந்திரம் வருகிறது. அதன் பின் கால்சியம் குளோரைடு உப்புத் தெளிக்கப்படுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இவ்வுப்பு நுண்பொடியைப் பிணைத்துத் தூசியை அடக்கும். அவ்வாறு சீவி உப்பிட்டு இறுகிய சாலை தார்ச்சாலைக்குச் சற்றும் குறையாத விரைவைத் தரும்; சீவிய மறுநாளோ, பொருள் இன்னும் இறுகாத நிலையில், மிதிவண்டி மணலில் புதைவதுபோல் தள்ளாடும்.

விரைவாகச் செல்லும் வாகனங்கள் மிகுந்த சாலைகளில், முடுக்கும் இடங்களிலும் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் இடங்களிலும் சாலைக்குக் குறுக்காக அடுத்தடுத்துச் சிறு வரிமேடுகள் எழுகின்றன. சக்கரம் உலர்ந்த மணித்துகள்களின் மேல் ஒரு குறிப்பிட்ட விரைவுக்கு மேல் உருண்டால் இவ்வரிமேடுகள் தாமாகவே தோன்றும் என்பதை 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வகச் சோதனைகள் காட்டின. வண்டியின் வில் அமைப்போ கற்களின் அளவு வேறுபாடோ இல்லாதபோதும் அவை தோன்றின. மிதிவண்டியின் எடையும் விரைவும் இவற்றை உண்டாக்கப் போதா. அவற்றின் துன்பத்தை மட்டும் மிதிவண்டிக்காரர் முழுமையாக நுகர்கிறார். காரின் சக்கரம் படாத சாலை விளிம்பை நாடிச் செல்வதே அறிந்தவர் வழி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வசந்தம். குளிர்காலத்தில் உறைநிலை மேலிருந்து கீழே இறங்கும்போது, வண்டல் கலந்த மண் அடியிலுள்ள நீரை நுண்புழைகள் வழியே மேலே இழுத்துப் பனிவில்லைகளாகச் சேர்க்கிறது, சாலை வீங்குகிறது. ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் உருகுதலும் மேலிருந்தே தொடங்குவதால், உருகிய நீர் கீழே இன்னும் உறைந்திருக்கும் அடுக்கைத் தாண்டிப் போக வழியின்றி மேலடுக்கிலேயே தேங்கிச் சாலையைக் கூழாக்கிவிடுகிறது. அந்த வாரங்களில் பல சாலைகளில் பாரவண்டிகளுக்கு எடை வரம்பு விதிக்கப்படும். மிதிவண்டிக்குத் தடையில்லை, ஆனால் ஆழப் பதியும் டயர்த்தடம் காய்ந்தபின் வாய்க்காலாக நிற்கும் என்பதால் அக்காலத்தில் செல்லாமலிருப்பது பண்பு. ஏரிநாட்டுச் சரளையின் பருவம் ஆகையால் மே இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை. ஜூனில் சவோன்லின்னாவின் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். கொசுவும் அப்போதே மிகுதி. கொசு அடங்கி, காட்டுப்பழங்கள் பழுத்து, சாலை இறுகியிருக்கும் ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் சிறந்தவை என்பதே இங்கு முன்வைக்கத்தக்க மதிப்பீடு. அக்டோபரில் கடமான் வேட்டை மும்முரமாகும். காட்டுச் சாலையோரம் வேட்டைக்காரர்கள் நிற்பர். பளிச்சிடும் நிற உடை அப்போது அழகுக்காக அணிவதன்று.

நீரைக் கடக்கும் வழிகளுள் ஏரிநாட்டில் தனித்துத் தெரிவது இரும்புவடப் படகு. இரு கரைகளுக்கு இடையே நீரில் கிடக்கும் வடத்தைப் பற்றிக்கொண்டு தட்டையான படகொன்று காரையும் லாரியையும் மிதிவண்டியையும் ஏற்றிச் செல்கிறது. அரசுச் சாலையின் தொடர்ச்சியாகவே அது கருதப்படுவதால் கட்டணம் இல்லை. புவுமலா என்னும் சிற்றூர் இத்தகைய நீர்வழிகளின் நடுவே அமைந்தது. 1995ஆம் ஆண்டு உயர்ந்த பாலம் வரும்வரை அவ்வூர் நீரிணையைக் கடக்கப் படகே துணை. இன்று அங்கிருந்து தொடங்கி அங்கேயே முடியும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்த் தீவுச் சுற்றுத்தடம் ஒன்று உண்டு. அதில் தாரும் சரளையும் மாறிமாறி வருகின்றன. ஓரிடத்தில் வடப்படகும் மற்றோரிடத்தில் கோடைக்காலத்தில் மட்டும் ஓடும் மிதிவண்டிப் படகும் இடைவெளியை நிரப்புகின்றன. தெற்கே ருவோகொலஹ்தியின் உதுலாவிலிருந்து வடப்படகில் ஏறினால் கியுலாநியெமி என்னும் ஒடுங்கி நீண்ட நிலத்தை அடையலாம். இரண்டாம் சால்பௌசெல்கா ஏரிக்குள் தலைகாட்டும் இடம் அது. பனிப்பாளத்தின் விளிம்பு நின்ற கோட்டின் மேலேயே, இருபுறமும் அகன்ற நீர் விரிய, சரளையில் மிதித்துச் செல்லும் வாய்ப்பை அவ்விடம்போல் எளிதில் தரும் இடம் வேறில்லை. கோடைப் படகுகளின் நாட்களும் நேரங்களும் ஆண்டுதோறும் மாறுவதால், தடத்தைத் திட்டமிடுவோர் தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன் படகைக் கணக்கிடவேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டால் எதிர்க்கரைக்குச் சுற்றிவர ஒரு நாள் ஆகலாம்.

இத்தனை தனியார் சாலைகளில் அயலார் எப்படித் தடையின்றிச் செல்ல முடிகிறது என்ற கேள்வி எழுவது இயல்பு. பின்லாந்தில் யாவர்க்குமான உரிமை என்றொரு மரபு உண்டு. தனியொரு சட்டமாக எழுதப்படாமல், வழக்கத்திலும் பல சட்டங்களின் பிரிவுகளிலும் அது நிலைபெற்றிருக்கிறது. அதன்படி யாரும், குடிமக்களோ அயல்நாட்டவரோ, பிறருடைய காட்டில் நடக்கலாம், பனிச்சறுக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் நுழைவதும் விளைநிலத்தைச் சேதப்படுத்துவதும் நிலக்காரர் இசைவின்றித் தீ மூட்டுவதும் கூடாது. சாலையின் குறுக்கே கம்பம் போடப்பட்டிருந்தால் அது மோட்டார் வண்டிக்கே. மிதிவண்டி அதைச் சுற்றிச் செல்லலாம். காப்புக்காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் தனி விதிகள் உண்டு. கிழக்கே ரஷ்ய எல்லையை ஒட்டி மூன்று கிலோமீட்டர் வரை அகலமுள்ள எல்லைப் பகுதிக்குள் இசைவுச்சீட்டு இன்றி நுழைய முடியாது என்பதைத் தடம் வகுப்போர் மறக்கலாகாது. காட்டின் பெரும்பங்கு அரசுக்கோ நிறுவனங்களுக்கோ உரியதன்றி, ஏறத்தாழ அறுபது விழுக்காடு குடும்பங்களுக்கே உரியது என்பதை நினைத்தால், இவ்வுரிமை எவ்வளவு பரந்த மனத்தின்மேல் நிற்கிறது என்பது புலப்படும்.

உரிமை இலவசம், சாலை இலவசமன்று. தனியார் சாலைகள் பலவற்றை அவற்றால் பயன்பெறும் நிலக்காரர்கள் சேர்ந்த சாலைக் கூட்டமைப்புகள் நிருவகிக்கின்றன. ஒவ்வொருவர் செலுத்தவேண்டிய பங்கு, அவருடைய நிலத்துக்காகச் சாலையில் செல்லும் எடையையும் தூரத்தையும் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது: ஆண்டு முழுதும் வசிக்கும் வீட்டுக்கு ஒரு மதிப்பு, கோடைக் குடிலுக்கு ஒரு மதிப்பு, வெட்டுமரத்துக்கு ஒரு மதிப்பு. இந்தக் கணக்கை மிதிவண்டிக்காரர்மேல் போட்டுப் பார்த்தால், வரும் தொகையைவிட அதை வசூலிக்கும் செலவே மிகும். 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய தனியார் சாலைச் சட்டம், தன் விவரங்களைப் பதிவேட்டில் நாளதுவரை வைத்திருக்கும் கூட்டமைப்புக்கே அரசு மானியம் பெறும் தகுதியைத் தந்தது. மானியம் பெறும் சாலையை அயலாருக்கு அடைக்கவும் கூடாது. போட்டிபோல் ஒழுங்குசெய்த நிகழ்ச்சிகள் மட்டும் வேறு. அவற்றை நடத்துவோர் கூட்டமைப்பின் இசைவைப் பெறவேண்டும். பார்முலா ஒன் கார்ப்பந்தய வீரர் வால்ட்டேரி போட்டாஸ் இணைந்து நிறுவிய, லஹ்தியைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளத்தக்க சரளைப் போட்டி போன்றவை, பாதை குறிப்பதற்கு முன் ஒவ்வொரு சாலைக்கும் உரியவர்களோடு பேசித் தீர்க்கவேண்டியவை.

சிக்கல் இனி வேறிடத்தில் எழக்கூடும். ஏரிநாட்டின் சிற்றூர்களில் ஆண்டு முழுதும் வசிப்போர் குறைந்துகொண்டே வருகின்றனர். சாலைச் செலவில் அவர்களுடைய பங்கைக் கோடைக் குடிலுக்கு வருவோரும் காட்டு உடைமையாளரும் ஏற்கவேண்டியிருக்கிறது. குடில்கள் இருக்கும் கரையோரச் சாலைகள் ஆண்டுதோறும் சீவப்படுகின்றன. மரத்துக்காக மட்டுமே போடப்பட்ட சிறுகிளைகளின் நிலை அப்படியன்று: ஒரு காட்டில் ஒருமுறை வெட்டு முடிந்தால் அடுத்த வெட்டுக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழியலாம், அதுவரை லாரிக்கு அங்கே வேலையில்லை, வடிகால் தூர்ந்து, நடுவில் புல்லும் ஓரத்தில் பிர்ச் கன்றும் முளைக்கும். அக்கிளைகளுள் பல இன்று தடங்களின் மிக விரும்பப்படும் பகுதிகளாக இருக்கின்றன. காரணம், அவற்றில் கார் வருவதில்லை. தடத்தை வெளியிடும் நகராட்சிகளும் சுற்றுலா அமைப்புகளும் ஆண்டுதோறும் தலைமைச் சாலைகளுக்குக் குறிப்பலகை நடுகின்றன. சிறுகிளைகளின் வடிகாலைத் தோண்டும் செலவுக்கு இதுவரை கூட்டமைப்பின் கணக்குப் புத்தகத்தில் நிலக்காரரைத் தவிர வேறு பெயர் ஏறவில்லை.